வித்த காசு

என் கணவரையும் அவருடைய அண்ணனையும் பிரித்தது ஒரே ஒரு பேச்சு.

எழுபதுகளின் கடைசியில், மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் பாத்திரக் கடை வைத்தோம். முதல் போட்டவர் ஆலங்காயத்தில் இருந்த அந்த அண்ணன், என் மூத்தார். "வித்த காசுல ரூவாய்க்கு ஓரணா எனக்கு, மிச்சம் உனக்கு" என்றார். எழுதிக்கொள்ளவில்லை. என் மனுஷருக்கு அண்ணன் என்றால் சாமி, தலையாட்டிவிட்டார்.

கடை திறந்த புதிதில் பில்லில் விற்பனை வரியைத் தனியாக எழுதினார். மலைச் சனங்களுக்கு வரி என்ற சொல்லே ஆகாது. நிலத்துக்கென்றும் மாடு மேய்த்ததற்கென்றும் அந்தச் சொல்லோடு மலையேறியவர்கள் யாரும் அவர்களுக்கு நல்லது செய்ததில்லை. ஒரு அம்மா எடுத்த குண்டானை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். அதன் பிறகு இவர் வரியை விலைக்குள்ளேயே சேர்த்து ஒரே தொகையாகச் சொல்ல ஆரம்பித்தார். எங்களுக்கு 'வரி போடாத கடை' என்று பெயர் வந்தது. வியாபாரமும் சுமாராக நடந்தது.

தினசரிக் கணக்கில் கல்லாவுக்கு வந்ததெல்லாம் ஒரே தொகையாக இருக்கும். வருடக் கடைசியில் அதிலிருந்து வரியைக் கழித்து, மிச்சத்தை மட்டும் விற்பனை என்று அரசாங்கத்துக்கு எழுதுவார். கழித்ததை ஒழுங்காகக் கட்டியும் விடுவார். அண்ணன் பங்கையும் அந்த மிச்சத்தில்தான் கணக்கிட்டார். வரிப்பணம் எங்கள் காசே இல்லையே, அதில் எப்படிப் பங்கு?

சில வருடம் கழித்து, மலையிலிருந்து புளி இறங்கும் காலத்தில் ஒருநாள் என் மூத்தார் பஸ்ஸில் வந்து இறங்கினார். தினசரிக் கணக்கைப் புரட்டினார், அரசாங்கத்துக்கு எழுதியதையும் பார்த்தார். ஒரே வருட விற்பனைக்கு இரண்டு தொகை. முகம் கறுத்துவிட்டது.

இவர் வரி கட்டிய சலானையெல்லாம் எடுத்துக் காட்டினார். "அது நம்ம காசு இல்லண்ணா. கவர்மெண்டு காசு. நம்ம கல்லாவுல தங்கிட்டுப் போவுது."

"கல்லாவுல வுழுந்தா வித்த காசுதான்டா. பெருசா வித்துட்டு எனக்குச் சின்னதாக் காட்டினியே, அதுக்குப் பேரு இன்னா?"

இத்தனை வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் ஒரு அண்டா விலைகூடத் தேறாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்துத் தொலையுங்கள் என்று இவரிடம் சொன்னேன். இவர் அசையவில்லை.

"குடுத்தா நான் திருடினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. எங்கண்ணன் முன்னால நான் திருடனா நிக்க மாட்டேன்."

வீம்பு. அண்ணனுக்கு மேல் தம்பி. அப்படியானால் போட்ட முதலைத் திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டு என் மூத்தார் போய்விட்டார், வைத்திருந்த காபியைக்கூடத் தொடவில்லை. முதலுக்கு நாங்கள் எங்கே போவது? சரக்கை வந்த விலைக்கு வாணியம்பாடி சாயபு ஒருவருக்குத் தள்ளினோம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அன்றோடு நின்றது. என் மூத்தார் செத்ததைக்கூடப் பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம்.

கடையைக் காலி செய்த அன்றைக்கு, குண்டானை வைத்துவிட்டுப் போனாளே, அதே அம்மா வந்து நின்றாள். அவள் எங்களிடம் வாடிக்கையாகி வெகுநாளாகியிருந்தது. ஏன் சாத்துகிறீர்கள் என்று கேட்டாள். இருந்த எரிச்சலில், எல்லாம் இந்த வரியால் வந்த வினை என்றேன்.

"வரியே வாங்காத கடைக்கு இன்னாம்மா வரி?" என்றாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள்.

உள்ளே பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த என் கணவரின் கை நின்றுவிட்டது. அவள் போகும்வரை தலை நிமிரவில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்கண்ணன ஏமாத்தல நான். இவங்களத்தான் ஏமாத்திருக்கேன்."

சாக்கின் வாயை நான்தான் கட்டினேன்.