அப்பா அந்தப் பிக்கப்பை வாங்கிய காரணம்

இன்று அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "பிக்கப் எடுக்கணும், எந்தக் கம்பெனி நல்லாருக்கும் சார்?" என்று கேட்டார். எனக்கு அப்பாவின் வண்டி ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் திருமானூரில் நெல் மூட்டை ஏற்றிய எல்லோரும் ஒரே கம்பெனி வண்டிதான் வைத்திருந்தார்கள். அந்த எஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிந்த ஒரே மெக்கானிக் பாஷா பாய் உள்ளூரில் இருந்தார். அப்பாவும் அதற்காகவே வாங்கினார்.

மறு வருஷம் பாய் சவுதிக்குக் கிளம்பினார். அப்பா கேட்டார்:

"எப்ப பாய் வருவீங்க?"

"இன்ஷா அல்லாஹ், சீக்கிரம் வந்துடுவேண்ணே."

வரவில்லை. வண்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. எங்களுடையதை எடைக்குப் போட்டோம். அப்பா கடைசிவரை அடுத்தவர் லாரியை ஓட்டினார்.

நீங்கள் வண்டி வாங்கும்போது எதையெல்லாம் விசாரித்தீர்கள்? மெக்கானிக்கிடம் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று எங்கள் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை.