வாளியில் வெட்டிய பேர்

சூடான சாம்பார் சோற்றில் முருங்கைக்காயும் பெருங்காயமும் சேர்ந்து எழுப்பும் வாசனையை இன்றைக்கு எங்கே முகர்ந்தாலும் எனக்குப் பசி வருவதில்லை, பயம்தான் வருகிறது. யாரோ பின்னால் நின்று என் பேரைக் கேட்கப்போகிறார்கள் என்று முதுகு குறுகுறுக்கிறது.

இராஜபாளையத்தில் அப்பா வேலை பார்த்த நூல் மில்லைப் பூட்டி மூன்று மாதம் ஆகியிருந்தது. பக்கத்துத் தெருப் பெண்கள் வீடு வீடாக அரிசியும் காயும் வாங்கி, ஒரு கல்யாண மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி, மில் குடும்பங்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தார்கள். பேரையும் தெருவையும் சொல்லிவிட்டுத் "தூக்குவாளி"யை நீட்ட வேண்டும். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. "சும்மா எவ சோறு போடுவா? பேரு எதுக்கு அவியளுக்கு? இதுல என்னமோ இருக்கு" என்றாள். ஓட்டுக்காக இருக்கும் என்றாள். மறுநாள் போட்டோ எடுத்துப் பேப்பரில் போடுவார்கள் என்றாள்.

உண்மையான காரணம் அக்கா. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நல்ல இடம் பேசி, பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இனாம் சோறு வாங்கித் தின்கிற வீடு என்று ஒரு வார்த்தை அங்கே போய்ச் சேர்ந்தால் அதோடு முடிந்தது. ஆனால் தம்பிக்குப் பசி தாங்காது. கடைசியில் பத்து வயதான என் கையில் வாளியைக் கொடுத்து, வேறு தெருவின் பேரையும் "ராணி" என்ற பேரையும் நெட்டுருப் போட வைத்தாள். "ஏட்டி, வாய் தவறுச்சு, உங்க அக்கா வாழ்க்கை போச்சு."

சோறு போட்டவள் நாச்சியாரம்மா என்று ஒரு பெரிய மனுஷி. முதலில் வாளியைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ராணியா? சரி ராணி" என்று சொல்லிக் கூடுதலாக ஒரு கரண்டி போட்டாள். வீட்டில் வந்து சொன்னதும் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. "கூட ஒரு கரண்டி எதுக்குப் போடுதா? அவ கண்ணு சரியில்ல, பாத்துக்கோ."

அன்று முதல் நானும் வேவுகாரியாகிவிட்டேன். நாச்சியாரம்மா மற்றவர்கள் வாளியைத் தரையில் வைத்து ஊற்றுவாள். என் வாளியை மட்டும் ஒரு பக்கம் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். அளவைக் குறைக்கத்தான் மறைக்கிறாள் என்று நினைத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் எப்போதும் தளும்பத் தளும்ப இருக்கும். அது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா என்று, இராஜபாளையத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் என்று, ஒருத்தியை அறிமுகம் செய்தார்கள். நாச்சியாரம்மா! கேசரித் தட்டோடு நின்ற என்னைப் பார்த்து, "உன் பேரென்ன தாயி?" என்று கேட்டாள். எந்தப் பேரைச் சொல்வது? அக்கா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். "முத்துலட்சுமி" என்றேன். "நல்ல பேரு" என்று சொல்லிவிட்டுக் கேசரியை வாயில் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போனதும் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். இனி போகவேண்டாம் என்றாள். மறுநாள் மத்தியானம் தம்பி அழுத அழுகையில் போகத்தான் வேண்டியிருந்தது. வரிசையில் என் முறை வந்ததும் நாச்சியாரம்மா வாளியை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "வா ராணி" என்றாள்.

அன்று சாயங்காலம் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. அவளுடைய கல்யாணச் சீர் வாளி அது. நாச்சியாரம்மா தினமும் வயிற்றோடு அணைத்த அந்தப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: பேச்சியம்மாள், வத்திராயிருப்பு. அம்மாவின் பேரும் பிறந்த ஊரும், சம்பந்தம் பேசியபோதே மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னவை. தினமும் தொட்டுப் புழங்கும் பாத்திரத்தில் இருக்கிற பேரை யார் வாசிக்கிறார்கள்? பொய்ப் பேரைச் சொல்லிக்கொடுத்து, நிஜப் பேரைக் கையில் கொடுத்தனுப்பியிருந்தாள். "மொத நாளே தெரிஞ்சிருக்கு அவளுக்கு" என்றாள் அம்மா.

அக்கா கல்யாணம் நடந்தது. அம்மாவின் சந்தேகம் மட்டும் போகவில்லை. "ஒரு சண்டை வரட்டும், அன்னைக்குச் சொல்லிக் காட்டுவா" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் நாச்சியாரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள். சண்டைகளும் வந்தன. அந்த ஒரு வார்த்தை வரவே இல்லை.

போன மாதம் நாச்சியாரம்மா தவறிப்போனாள். இப்போது அந்த மண்டபம் இருந்த இடத்தில் செல்போன் கடை. பாத்திரத்தில் பேர் வெட்டுகிற ஆளைத் தேடினாலும் கிடைப்பதில்லை. எனக்கோ இன்றும் யாராவது ஒரு கரண்டி கூடப் போட்டால் அவர்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது. துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்று உறவுக்காரர்கள் சோறு கொண்டுபோனோம். என் புது ஹாட்பாக்ஸைத் தள்ளிவிட்டு அம்மா பரணிலிருந்து அந்த வாளியைத்தான் இறக்கச் சொன்னாள். வரிசையாக வைத்திருந்த பாத்திரங்களுக்கு நடுவில், வெட்டியிருந்த பக்கம் எல்லாரும் பார்க்கும்படி வாளியைத் திருப்பி வைத்தாள்.

"இது யாரு வாளி?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"பேரு வெட்டியிருக்குல்லா" என்றாள் அம்மா. "சத்தமா வாசி."