சந்தியோகுவின் சுத்தியலும் சின்னத்தங்கத்தின் காதும்

தொண்ணூற்று மூன்றில், போர்க்காலத் தடையால், டீசல் யாழ்ப்பாணத்துப் பக்கம் தலைகாட்டவேயில்லை. கொடிகாமத்தில் நெல் மில் வைத்திருந்த பஞ்சலிங்கம், பின்வளவில் துருப்பிடித்துக் கிடந்த பழைய நீராவி எஞ்சினை விறகில் ஓட்டத் துணிந்தார். அதைத் திருத்த அகப்பட்ட ஆள், குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த சந்தியோகு. ரயிலில் கரி எஞ்சின் ஓடிய காலத்தில் கொதிகலன் திருத்தியே தலை நரைத்த மனிதர்.

அப்போதெல்லாம் ஒரு எஞ்சினைக் கழற்றினால் பத்துப் பேர் சூழ்ந்து நிற்பார்கள். கேட்ட சாமான் ஸ்டோரிலிருந்து வரும். இப்போது தனி ஆள். கசிவை அடைக்கச் சணலும் கொழுப்பும்தான். கிணற்றுத் தண்ணீர் உள்ளே படியவிட்ட சுண்ணாம்பைச் சுரண்டவே இரண்டு கிழமை போனது. அலுக்கவில்லை. பத்து வருசம் சும்மா இருந்த கைக்கு வேலை கிடைத்த சந்தோசம்.

ஒன்றுதான் இடித்தது. அடுப்புச் சுவரைத் தாங்கும் ஆணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கவேண்டும். நல்ல ஆணி கணீரென்னும், உடைந்தது மொத்தென்னும். உடைந்ததை விட்டுவிட்டு நெருப்பு மூட்டினால் கொதிகலன் வெடிக்கும், பக்கத்தில் நிற்பவன் தப்பமாட்டான். சந்தியோகுவின் காதோ கொதிகலனுக்குள் இருந்து தட்டித் தட்டியே மந்தமாகிவிட்டது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. வீம்புதான், வேறென்ன? எல்லா ஆணியும் ஒரே மாதிரித்தான் கேட்டன.

"எல்லாம் சரிதானே அண்ணை? நாளைக்கு மூட்டுவமோ?" என்றார் பஞ்சலிங்கம்.

சந்தியோகு சுத்தியலை எடுத்தார். இன்னொருமுறை தட்டினார். அந்த நேரம் சாப்பாட்டோடு வந்த மனைவி சின்னத்தங்கம் நின்றுவிட்டாள்.

"இஞ்சேரப்பா, உந்த மூலை ஆணி வெடிச்ச பானை மாதிரியெல்லோ கேக்குது."

சந்தையில் பத்துச் சட்டியைச் சுண்டிப் பார்க்காமல் ஒன்று வாங்காதவள். சந்தியோகு அவளைப் பக்கத்தில் நிறுத்தி முதலிலிருந்து தட்டினார். தலையாட்டினால் நல்லது; உதட்டைப் பிதுக்கினால் சுண்ணாம்புக் குறி. மூன்று அகப்பட்டன. கொல்லனிடம் புது ஆணி அடிப்பித்துப் பூட்டினார்கள். மறு கிழமை எஞ்சின் புகைவிட்டு ஓடியது; மில்லில் அரிசி கொட்டியது.

"ஆறு மாசத்துக்கு ஒருக்கா வந்து பாருங்கோ அண்ணை."

"வாறன் தம்பி. இவவும் வரவேணும். எனக்குக் காது கேக்காது."

சொன்னபிறகு நெஞ்சு லேசாகிவிட்டது. இனி இவளுக்குத்தான் ஆறுதலாக விளக்கவேண்டும் என்று திரும்பினார். சின்னத்தங்கம் அவருடைய காதோரம் குனிந்தாள்.

"எட்டு வருசமா நான் ஏன் கத்திக் கதைக்கிறன் எண்டு நினைச்சியள்?"