தாடையை யாரிடம் கொடுப்பது?

அடுத்தவர் பேசுவதைக் கேட்டு, எந்த இடத்தில் சமாளிக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கஸ்டமர் கேர் கம்பெனி. பதிவான அழைப்புகளைக் கேட்டு மார்க் போடுவேன். பிரச்சினை என்னவென்றே கேட்காமல் "கண்டிப்பா சரியாயிடும் சார்" என்று ஒரு ஏஜென்ட் சொன்னால் அங்கே சிவப்பு. இந்தக் காதை வைத்துக்கொண்டு தாடை ஆபரேஷனுக்கு டாக்டர் தேடினால் என்ன ஆகும் என்பது, ஹெட்செட்டைக் கழற்றியதும் காதோரத்தைப் பிடித்துவிட்டுக்கொள்ளும் என் தொழில்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

ஜன்னலும் சுவரும்

எனக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைவிட முன்னால் நிற்கும். முன்பற்கள் ஒன்றையொன்று தொடாது. சாண்ட்விச்சைக் கடித்தால் ரொட்டி நசுங்கும், தக்காளி முழுசாக வெளியே வரும். முப்பது வயதுக்குப் பிறகு காதோரத்தில் வலியும் சேர்ந்துகொண்டது. கொட்டாவி விட்டால் 'டக்' என்று ஒரு சத்தம்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் தெருவில் இருக்கும் பல் டாக்டர், கிளிப் போட்டாலே போதும் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பல்வரிசையைச் சரிசெய்வதில் மட்டுமே வேலை செய்யும் இன்னொரு டாக்டரிடம் போனேன். அவர் எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்துவிட்டு, கிளிப்பும் வேண்டும், எலும்பை வெட்டித் தாடையைப் பின்னால் தள்ளும் ஆபரேஷனும் வேண்டும் என்றார். கிளிப் மட்டும் போதாதா என்று கேட்டேன். "பல்லு மேல தப்பு இல்லம்மா, அது நிக்கற எலும்புதான் தள்ளி நிக்குது. சுவரை அப்படியே விட்டுட்டு ஜன்னலை மட்டும் நேராக்கச் சொல்றீங்க."

சிரிக்கும் சுவர்

முதலில் போன ஆபரேஷன் டாக்டரின் கிளினிக்கில் ஒரு சுவர் முழுக்க 'முன்', 'பின்' படங்கள். முன் படத்தில் எல்லோரும் தூங்கி எழுந்த முகத்தோடு. பின் படத்தில் லிப்ஸ்டிக், நல்ல வெளிச்சம், காதில் ஜிமிக்கி. டாக்டர் என் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் என் புது முகத்தைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது, ஆனால் அது நானில்லை. உதடு மரத்துப்போகும் என்கிறார்களே என்று கேட்டேன். "நம்ம கிட்ட அப்படி வராது" என்றார். மனசுக்குள் சிவப்பு அடித்தேன்.

இங்கே ஆபரேஷன் செய்துகொண்ட யாரிடமாவது பேச வேண்டும் என்றேன். வரவேற்பில் இருந்த பெண் உடனே ஒருவரைப் போனில் பிடித்துக் கொடுத்தாள். அந்தப் பக்கத்துக் குரல், எங்கள் ஏஜென்ட்கள் திரையைப் பார்த்துப் படிப்பார்களே, அந்த மாதிரி ஏற்ற இறக்கத்தோடு வந்தது. கூட வந்திருந்த அம்மாவும் ஸ்பீக்கரில் கேட்டாள். ஆட்டோவில் ஏறிய பிறகு சொன்னாள்: "வலியைப் பத்தி ஒரு வார்த்தை வரலையே. எனக்கு ஒரு பல்லு புடுங்கினதையே நான் வருஷக்கணக்கா சொல்லிட்டிருக்கேன்."

பஸ்ஸும் டிரைவரும்

இரண்டாமவர் பெரிய ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர். கைராசிக்காரர் என்று ஊரே சொன்னது. கதவுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டே பேசினார். ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா, உங்கள் ஜூனியர்கள் செய்வார்களா என்று கேட்டேன். "டீம்தான் செய்யும்" என்றார். டீமில் யார் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக் கன்னடத்தில், "நம்பிக்கெ பேக்கம்மா" என்றார்; நம்பிக்கை வேண்டுமாம். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "டிரைவர் யாருன்னு கேட்டுட்டா நீங்க பஸ்ல ஏறுவீங்க?" அம்மா முந்திக்கொண்டாள். "பஸ்ல கண்ணைத் திறந்துக்கிட்டுதான் டாக்டர் போறோம். இங்க தூங்க வெச்சுடறீங்களே."

துணிக்கடையில் ஒரு விசாரணை

மூன்றாவது, ஒரு பெண் டாக்டர். என் வாயைத் திறந்து பார்த்தார், காதோரம் விரல் வைத்து மூடித் திறக்கச் சொன்னார், குறட்டை உண்டா என்று அம்மாவைக் கேட்டார். கீழ் உதடு கொஞ்ச நாள் மரத்துப்போகும், சிலருக்கு அது முழுசாகத் திரும்பாமலே போகலாம், நீங்கள் அதில் எந்த ரகம் என்று இப்போதே தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆபரேஷனைத் தானே செய்வேன் என்றும் சொன்னார். இதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. உண்மை பேசுகிற தொனியைப் பயிற்சி கொடுத்து வரவழைக்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறவள் நான். அதனால், "சரியா வராத ஒருத்தரைப் பார்க்கணும்" என்றேன். "ஒருத்தர் இருக்கார், அவர் சம்மதிச்சா சொல்றேன்" என்றார் டாக்டர்.

சம்மதித்தவர் சிவாஜிநகரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு பாய். துணியை அளந்தபடியே பேசினார். நடுவில் யோசித்தார், முதலில் சொன்னதை மாற்றிச் சொன்னார், அடிக்கடி கைக்குட்டையால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டார். யாரும் எழுதிக் கொடுத்து வருகிற பேச்சு இல்லை அது. இன்னும் அந்த டாக்டரிடமே காட்டுவதாகச் சொன்னதும், ஏன் என்று கேட்டேன். "ஒரு பக்கம் இன்னும் மரத்துதான்மா இருக்கு, டீ வழிஞ்சாகூடத் தெரியாது. ஆனா நான் போன் பண்ணி அந்தம்மா எடுக்காம இருந்ததே இல்ல."

ரிவர்ஸ் கியர்

அந்தப் பெண் டாக்டரையே முடிவு செய்தேன். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் கிளிப். அதில் ஒரு கொடுமை, அனுபவித்தவர்கள்தான் நம்புவார்கள். தாடையின் கோணலை மறைக்க என் கீழ்ப்பற்கள் இத்தனை வருஷமாக உள்பக்கம் சாய்ந்து நின்றிருக்கின்றன. அவற்றை நிமிர்த்தினால்தான் எலும்பைச் சரியான இடத்தில் பொருத்த முடியும். நிமிர்ந்ததும் மோவாய் முன்னைவிட இன்னும் தள்ளித் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தார்கள்தான். ஆனாலும் காலையில் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம், ஏமாந்துவிட்டேனோ என்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். பேசாமல் நிறுத்திவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆபீஸில் பக்கத்து சீட் மஞ்சுநாத் என்னைக் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டான்: "யாக்கெ, ஏன் மேடம், உங்க டாக்டர் ரிவர்ஸ் கியர் போட்டுட்டாங்களா?"

முகமூடி

ஆபரேஷன் தியேட்டரில் எல்லோரும் பச்சை உடுப்பு, முகமூடி. யார் யாரென்று தெரியவில்லை. கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள், குளிர் வேறு. "டாக்டர் எங்க?" என்று கேட்டேன். தலைமாட்டில் நின்ற ஒருவர் என் கண் முன்னால் வந்து முகமூடியைக் கீழே இறக்கினார். அவர்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் அதைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் சந்தேகம் இருந்தா கேளுங்க. நான் அவசரத்துல இல்ல."

புது முகம், பழைய மார்க்

விழித்தபோது முகம் பூசணிக்காய். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார்கள். அம்மா சாம்பார் சாதத்தை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் ஏற்றிக் கன்னத்தோரமாக விட்டாள். வீக்கம் வடிந்தது, ரப்பர் அவிழ்ந்தது, ஒருநாள் மாலை மிளகாய் பஜ்ஜியை முன்பல்லால் கடித்தேன். துண்டாக வந்தது. அம்மா அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினாள். இடது மோவாயில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், திரும்பிவிடும் என்று சத்தியம் செய்யவில்லை.

வேலைக்குத் திரும்பிய வாரமே ஒரு ஏஜென்டின் அழைப்பைக் கேட்டு நான்கு இடத்தில் சிவப்பு அடித்தேன். அந்தப் பெண் என் சீட்டுக்கு வந்து, திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "மொகமே மாறிடுச்சு மேடம், மார்க்காவது கொஞ்சம் மாறும்னு நெனச்சேன்."

என்னைக் கேட்டால், மயக்க மருந்து ஏறும்வரை சந்தேகப்படுவது நல்லது. அதற்குப் பிறகு சந்தேகப்பட வசதி கிடையாது.