லிஃப்ட்காரர் படத்துக்கு உட்கார்ந்தது

"என்னைச் சும்மா உக்கார வைக்கிற நாற்காலிய எந்தத் தச்சனும் இன்னும் செய்யல!"

தம்முடைய பணி ஓய்வு விழாவில், ஒலிபெருக்கி இருந்தும் அதை நம்பாமல், லிஃப்ட்காரர் இப்படி முழங்கினார். லிஃப்டுகளைப் பழுது பார்த்தே தலை நரைத்தவர். ஊரில் அவர் கை படாத லிஃப்ட் கிடையாது. அவர் காது வைத்துக் கேட்டுக் குறை சொல்லாத லிஃப்டும் கிடையாது. கூட்டம் கைதட்டியது. முன்வரிசையிலிருந்த அவர் மனைவி மட்டும் தட்டவில்லை. கல்யாணமான நாள் முதல் அந்த உண்மையோடுதான் குடித்தனம் நடத்துகிறார். அதற்குக் கை வேறு தட்ட வேண்டுமா?

மகளும் மருமகனும் சேர்ந்து இருவரையும் ஓர் உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். சுற்றிலும் கடல், ஓட இடமில்லை, மனுஷர் உட்கார்ந்துதானே ஆகவேண்டும் என்பது மருமகன் போட்ட கணக்கு. கப்பலுக்கும் மாடி உண்டு, மாடி இருந்தால் லிஃப்ட் இருக்கும் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் நீச்சல் குளத்தோரம் சாய்வு நாற்காலியில் படுத்தார். பழரசம் வந்தது. ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இதோ வந்துடறேன்" என்று எழுந்தார். அவருடைய 'இதோ' எவ்வளவு நீளம் என்பது தெரிந்த மனைவி, அந்தப் பழரசத்தையும் தானே குடித்து முடித்தார்.

போன இடம் லிஃப்ட். ஏழாவது மாடியைத் தாண்டும்போது அது லேசாக முனகுகிறதாம். மற்றவர்கள் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துப் பூரித்தார்கள். இவர் கதவு சாத்திய பெட்டிக்குள் மேலும் கீழும் போய் அதே அளவு பூரித்தார். கப்பல் மெக்கானிக்கோடு சிநேகம் உண்டாகி, மறுநாளே அது அண்ணன் தம்பி உறவாக வளர்ந்தது.

மனைவி பாலர் பள்ளி டீச்சர். பணிக்காலம் முழுக்கக் கரும்பலகையில் யானையும் ரயிலும் பூசணிக்காயும் வரைந்தவர். மணி அடித்ததும் தன் கையாலேயே அழித்தவர். அழிக்காத படம் என்று ஒன்றுகூட அவருக்கு இல்லை. கப்பலில் ஓவிய வகுப்பு என்றதும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார்.

"கூட வந்தவங்களை எதிர்ல உக்கார வெச்சு வரையுங்க" என்றார் ஓவிய ஆசிரியை. "கடைசி நாள் நம்ம ஓவியக்கூடத்துல மாட்டுவோம். பிடிக்கலேன்னா சாயங்காலம் வரைக்கும் மாத்திக்கலாம். அதுக்கப்புறம் அது கப்பலோட சொத்து, எடுக்கவே மாட்டோம்."

எடுக்கவே மாட்டார்கள்! டீச்சர் பென்சிலைக் கூராக்கிக்கொண்டார். வரைவது பெரிய வித்தையில்லை. உட்கார வைப்பதுதான் வித்தை.

"என்னங்க, ஒரு அரைமணி நேரம் அசையாம உக்காருங்க."

"அரைமணியா? ஒரு லிஃப்ட் அரைமணி அசையாம நின்னா தீயணைப்பு வண்டியே வந்துடும்!"

"மூக்கு மட்டும் வரைஞ்சிடறேன், அப்புறம் போங்க."

"தினம் பாக்கற மூக்குதானே, மனப்பாடமா வரையேன்."

"தினம் பாத்தேனா? நீங்க வீட்ல நின்னாத்தானே!"

உட்கார்ந்தார். டீச்சர் கண்ணால் அளந்து காகிதத்தின் பக்கம் திரும்புவதற்குள் நாற்காலி காலி. மறுநாளும் அதே கதை. ஒருநாள் தோள்பட்டை வரை வந்துவிட்டது. அப்போது பார்த்து மெக்கானிக் தம்பி ஜாடை காட்ட, தோள்பட்டையோடு ஆள் மாயம். டீச்சர் வரைந்ததை அழித்தார். அழிப்பதில்தான் கை தேர்ந்தவராயிற்றே.

கடைசி நாள் காலை ஓவியக்கூடம் திறந்தது. லிஃப்ட்காரரும் கலையை ரசித்தபடி வந்தார். "ஆணி நல்ல உறுதி." அடுத்த படம். "சட்டம் அரைவிரல் சாஞ்சிருக்கு." அடுத்தது. பெரிய ஓவியர்களின் மலை, குதிரை, அந்திச் சூரியன் எல்லாம் இந்த வேகத்தில் கடந்து போயின. பயணிகள் வரைந்த வரிசையில் ஒரு படத்தின் முன்னால் மட்டும் கூட்டம் வழி மறித்தது.

படத்தில் ஒரு நாற்காலி. கைப்பிடியில் ஒரு மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் ஆறிப்போன காபி. கீழே குண்டு குண்டான டீச்சர் எழுத்தில் 'என் கணவர்'.

ஓர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "பாவம், எப்போ தவறினாரோ!"

"கண்ணாடியக்கூட எடுக்காம அப்படியே வெச்சிருக்காங்க பாரு" என்றார் அவருடைய வீட்டுக்காரர்.

லிஃப்ட்காரர் கூட்டத்தை விலக்கி முன்னால் வந்தார்.

அம்மாள் திரும்பி, "உங்களுக்கு அவரைத் தெரியுமாங்க?" என்றார்.

"கொஞ்சம் பழக்கம்."

"எப்படிப்பட்ட மனுஷர்?"

"வீட்ல நிக்க மாட்டார்."

கூட்டம் பெருமூச்சு விட்டு நகர்ந்தது. அவர் நகரவில்லை. ஆணியைப் பார்க்கவில்லை, சட்டத்தையும் பார்க்கவில்லை. நாற்காலியின் மெத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் தையல் வரை டீச்சர் அப்படியே வரைந்திருந்தார். ஒருவர் உட்கார்ந்த பள்ளம் மட்டும் அதில் இல்லை. படத்தில் பொய் சொல்லத் தெரியாதவர்.

மேல்தளத்தில் டீச்சர் மடியில் வெற்றுக் காகிதத்தை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்திருந்தார். லிஃப்ட்காரர் ஒரு நாற்காலியைத் தாமே இழுத்து வந்து எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கில்ல?"

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "உடம்பு ஏதும் சரியில்லையா?"

"மூக்குலேருந்து ஆரம்பி."

பென்சில் ஓடத் தொடங்கியது. காற்று தலைமுடியைக் கலைத்தது. அதைச் சரிசெய்யக்கூட லிஃப்ட்காரர் கை எழவில்லை. அந்த நேரம் பார்த்து மெக்கானிக் தம்பி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அண்ணே! மோட்டார் அறையப் பாக்க உங்களுக்கு அனுமதி வாங்கிட்டேன்! இப்போ விட்டா கிடைக்காது, எழுந்திரிங்க!"

லிஃப்ட்காரரின் இடது முழங்கால் ஒருமுறை துடித்தது. உடனே அடங்கியது.

"சத்தம் போடாத தம்பி" என்றார், உதடு அசையாமல். "மூக்கு நடந்துட்டிருக்கு."

டீச்சர் மூக்கை முடித்தார். காதுக்கு வந்தார். நிமிர்ந்து பார்த்தார், ஆள் அங்கேயே இருந்தார்.