கம்பியில் தொங்கிய சிவப்பு ஸ்வெட்டர்

பையனைக் காணோம் என்று ஓர் அம்மா வந்து நின்றபோது என் கையில் வேறொரு குழந்தையின் லைஃப் ஜாக்கெட் வார் இருந்தது. அதைப் பூட்ட முடியவில்லை.

மைசூரில் ஓர் ஏரிக்கரைப் பூங்காவின் படகுத் துறையில் வேலை செய்கிறேன். வீடு மண்டி மொஹல்லாவில். பத்தாவது வரை படித்தேன். புது ஆட்களோடு பேச எனக்கு வராது. முதலில் டிக்கெட் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ஒரு வாரத்தில் நானே கேட்டு, ஜாக்கெட் மாட்டும் பெஞ்சுக்கு மாறிக்கொண்டேன். குழந்தைகளிடம் பேச வேண்டியதில்லை. கையைத் தூக்கு என்று ஜாடை காட்டினால் தூக்கிவிடும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர், "அக்கா, ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் நீங்க அந்த ஒரே பேச்சைச் சொல்றீங்களே, எதுக்கு?" என்று கேட்டார்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை

குளிர் மாதத்தில் காலையில் ஏரியின் அக்கரை தெரியாது. அந்தப் பனியிலேயே குடும்பங்கள் வந்துவிடும். புளியோதரை டப்பா, பிளாஸ்க், பாய், பந்து. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. வெயில் ஏறிய பிறகு எல்லோரும் படகுக்கு வருவார்கள்.

தடித்த ஸ்வெட்டர் மேல் ஜாக்கெட் மாட்டக் கூடாது. வார் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மேலே நிற்கும், பிள்ளை கீழே நழுவிவிடும். அதனால் அப்போதெல்லாம் முதலில் ஸ்வெட்டரைக் கழற்றி, கைகளை உள்ளே மடித்து, பெஞ்சுக்குப் பின்னால் உள்ள இரும்புக் கம்பியில் போடுவோம். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் துணிக்கடை மாதிரி இருக்கும்.

அந்த ஞாயிறு கூட்டம் துறையின் படிகள் வரை நின்றது. என் முன்னால் பிள்ளைகளின் வரிசை குறையவே இல்லை. கழற்று, மடி, மாட்டு, பூட்டு. முகத்தைப் பார்க்கக்கூட நேரமில்லை.

அப்போதுதான் அந்த அம்மா வந்தார். பின்னாலேயே கையில் டிக்கெட்டோடு கணவர்.

"சின்னப் பையன், அஞ்சு வயசு, ஆதவ்னு பேரு. சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருப்பான். இங்க வந்தானாங்க?"

நான் என் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தேன். சிவப்பு எங்கும் இல்லை.

"உங்ககூடத்தானே க்யூவுல நின்னான்?" என்று கணவரைக் கேட்டார்.

"நீ பாத்ரூம்ல இருந்து வந்துட்டேன்னு நினைச்சேன். அம்மாகிட்டப் போன்னு அனுப்பிட்டேனே."

"நான் இப்பத்தானே வரேன்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரைப் பார்த்தார்கள்.

மேனேஜர் கன்னடக்காரர், எங்களிடம் தமிழிலேயே பேசப் பார்ப்பார். ஓடி வந்தவர், "பயப்படபேடி அம்மா, பயப்படாதீங்க, கேட்டுக்குப் போன் பண்ணியிருக்கேன், வெளிய யாரையும் விடமாட்டாங்க" என்றார். சொல்லிக்கொண்டே பெடல் படகுகளை நிறுத்தச் சொன்னார். ஆட்கள் கரை ஓரமாக, தாமரை இலைகளுக்கு நடுவில் மூங்கில் கழிகளை விட்டுப் பார்த்தார்கள். "சிவப்பு ஸ்வெட்டர், சிவப்பு ஸ்வெட்டர்" என்று கன்னடத்திலும் தமிழிலும் கரை முழுக்கக் கூவினார்கள். ஒரு கழியில் சிவப்பாக ஏதோ சிக்கியது. அந்த அப்பா ஷூவோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். இழுத்துப் பார்த்தால் சிப்ஸ் பாக்கெட். அதைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அப்படியே நின்றார்.

நான் எதற்கோ பின்னால் திரும்பினேன். கம்பியில் பச்சை ஸ்வெட்டருக்கும் மஞ்சள் ஸ்வெட்டருக்கும் நடுவே ஒரு சிவப்பு ஸ்வெட்டர் தொங்கியது.

மடித்த கை

அந்த அம்மாவும் பார்த்துவிட்டார். கம்பியிலிருந்து எடுத்து முகத்தோடு வைத்துக்கொண்டார். அழவில்லை. "இது இங்க கிடக்குது, அவன் எங்கே?" என்று என்னைக் கேட்டார். ஸ்வெட்டர் இங்கே, தண்ணீர் பத்தடியில். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அதைத்தான் நினைத்தேன்.

பிறகு அந்த ஸ்வெட்டரின் கைகளைப் பார்த்தேன். இரண்டும் உள்ளே மடிந்திருந்தன. ஐந்து வயதுப் பிள்ளை அப்படி மடிக்காது. அது என் மடிப்பு.

அப்படியானால் அவன் என் முன்னால் நின்றிருக்கிறான். நான்தான் கழற்றியிருக்கிறேன், ஜாக்கெட்டும் மாட்டியிருக்கிறேன். எவ்வளவு யோசித்தும் முகம் நினைவுக்கு வரவில்லை. ஜாக்கெட் மாட்டிய பிள்ளை போகும் வழி ஒன்றுதான், பலகை மேல் நடந்து படகுக்கு. அந்த அம்மா வருவதற்குச் சற்று முன் கிளம்பியது படகோட்டி முருகேசனின் மோட்டார் படகு. அதில் இரண்டு குடும்பத்தார் போயிருந்தார்கள், நிறையப் பிள்ளைகள்.

மேனேஜரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வாழ்நாளில் அப்படிச் செய்ததில்லை.

"சார், பையன் மோட்டார் போட்ல இருப்பான்."

"நீ பார்த்தியா செல்வியம்மா?"

"பார்க்கல. ஸ்வெட்டர் மடிச்சது நான்தான்."

"கன்ஃபர்மா?"

என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஜாக்கெட்டோடு பலகையில் போனவன் படகில்தான் ஏறினான் என்று யார் கண்டது? மோட்டார் படகு ஏரி நடுவில் உள்ள கொக்குத் திட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தது. முருகேசன் ஒருமுறை போனைத் தண்ணீரில் போட்டதிலிருந்து அதைக் கரையில் வைத்துவிட்டுத்தான் போவான். மேனேஜர் விசிலை எடுத்து மூன்று நீண்ட ஊதல் ஊதினார். திரும்பி வா என்று அர்த்தம். எஞ்சின் சத்தத்தில் கேட்குமா தெரியாது. மறுபடி ஊதினார்.

அந்த அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி, படகில் பையன் இல்லாவிட்டால்? கழிகள் இன்னும் தண்ணீரைக் குத்திக்கொண்டிருந்தன. கழி கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன்.

திட்டைச் சுற்றிப் படகு வந்தது. எல்லோரும் ஆரஞ்சு ஜாக்கெட். பெரியவர், சின்னவர், எல்லோரும் ஒரே ஆரஞ்சு. அந்த அம்மா படகைப் பார்த்தார், பார்வை அதன் மேல் நிற்காமல் தாண்டிப் போய்விட்டது. அவர் கண் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தது. இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

படகு பலகையில் முட்டியது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆரஞ்சு ஜாக்கெட், "அம்மா, அப்பா இன்னும் டிக்கெட்டே வாங்கலையா?" என்றது.

அந்த அம்மா அவனை இறக்கவில்லை, பிடுங்கினார். படகில் இருந்த ஒரு பெரியவர், "இவங்க வீட்டுப் பையன்னு நினைச்சேன்" என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள், "உங்க வீட்டுப் பிள்ளைன்னுல்ல நான் பிஸ்கட் குடுத்தேன்" என்றார்.

முருகேசன் தமிழ்நாட்டு எல்லையோர ராமாபுரத்துக்காரன். "ஏனுங்கக்கா, நீங்க மாட்டி அனுப்புனா டிக்கெட் இருக்கும்னுதானுங்க தூக்கி ஏத்துனேன்" என்றான்.

அப்பா தண்ணீரிலிருந்து ஏறி வந்து பையனின் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சிப்ஸ் பாக்கெட் இன்னும் கையில் இருந்தது. அம்மா அந்தச் சிவப்பு ஸ்வெட்டரை ஜாக்கெட் மேலேயே போட்டுவிடப் பார்த்தார். பட்டன் சேரவில்லை. சேராத பட்டனை இழுத்துக்கொண்டே இருந்தார். நான் போய் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் அவர் அழுதார்.

அந்த ஒரே பேச்சு

பெற்றவர்களுக்குத் தெரிந்தது வீட்டில் போட்டுவிட்ட ஸ்வெட்டர். ஆபத்து வந்தால் அதைத்தான் சொல்வார்கள், அதைத்தான் தேடுவார்கள். இங்கே அதைக் கழற்றி எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி ஆக்குகிறோம்.

அதனால் இப்போது தனியாக வரிசையில் வரும் பிள்ளைக்கு நான் ஜாக்கெட் மாட்டுவதில்லை. ஸ்வெட்டரைக் கம்பியில் போடுவதுமில்லை. தாயோ தகப்பனோ பக்கத்தில் வந்து, ஸ்வெட்டரைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பிள்ளையின் தோளைப் பிடித்து அவர்கள் பக்கம் திருப்பி, "இப்ப இப்படித்தான் இருக்கான், ஒரு தடவை பாத்துக்குங்க" என்கிறேன். சிலர் சிரிப்பார்கள். சிலர் போட்டோ எடுக்கச் சொல்வதாக நினைத்து போனை நீட்டுவார்கள். எடுக்கட்டும், அதுவும் நல்லதுதான்.

முன்பின் தெரியாதவர்களிடம் நான் கூச்சமில்லாமல் பேசும் பேச்சு அது ஒன்றுதான். நீங்களும் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கும் வரை தோளிலிருந்து கையை எடுக்காதீர்கள்.