வெள்ளை நைலானுக்கு ரோஸ் சாயம்

போன வாரம் பக்கத்து ஃபிளாட் ஷைனி கதவைத் தட்டி, "ஆன்ட்டி, வலிய பாத்திரம் ஒண்ணு தருமோ? பழயது மதி," என்று கேட்டாள். பெரிய பாத்திரம், பழசு போதுமாம். கொச்சி வைட்டிலாவில் இந்தப் பன்னிரண்டாவது மாடிக்கு நான் வந்து ஆறு வருஷமாகிறது. தயிருக்கு உறை கேட்டு வந்திருக்கிறார்கள், கறிவேப்பிலை கேட்டு வந்திருக்கிறார்கள். பாத்திரம் கேட்டு யாரும் வந்ததில்லை. என்னிடமோ பழைய பாத்திரத்துக்குப் பஞ்சமே கிடையாது. என் மகன் ஒவ்வொரு தடவை வரும்போதும் தூக்கிப் போடச் சொல்லும் ஒரு அலுமினிய அண்டாவைப் பெருமையோடு எடுத்துக் கொடுத்தேன்.

அரைமணி கழித்து அவள் வீட்டிலிருந்து ஒரு வாசனை வந்தது. கொதிக்கும் தண்ணீரில் வினாகிரி விட்டால் வருமே, மூக்கைச் சுருக்க வைக்கிற அந்தப் புளித்த வாசனை. வினாகிரி என்றால் வேறொன்றும் இல்லை, நீங்கள் வினிகர் என்பீர்கள்; கொச்சிக்காரர்களுக்கு அது வினாகிரிதான். எட்டிப் பார்த்தேன். ஷைனி தன் வெள்ளை பாலியெஸ்டர் குர்தியை என் அண்டாவில் போட்டு, ஃபோனில் யாரோ ஒருத்தி சொல்லச் சொல்ல, மரக்கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"பாலியெஸ்டருக்குன்னு தனி டை உண்டு ஆன்ட்டி. ஆன்லைன்ல வாங்கினது. ஆன்ட்டி இதெல்லாம் செய்திட்டுண்டோ?"

"நைலானுக்கு ஒரு தடவை," என்றேன். பிறகு வீட்டுக்கு வந்து, போட்டு வைத்த சாயாவைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மட்டாஞ்சேரியில் நாங்கள் இருந்தது செர்லாய்ப் பக்கம் ஒரு ஒடுக்கமான வீடு. முன்வாசலில் மிளகு நெடி, கொல்லையில் உப்புத்தண்ணீர் நெடி. அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகு வியாபாரியிடம் குமாஸ்தா. சாயம் போடுவது எங்கள் வீட்டில் சாதாரண வேலை. அண்ணா பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக் கிழித்த வெள்ளை வேஷ்டி நீலமாகி ஜன்னல் திரையாகும், திரை வெளுத்தால் பச்சையாகித் தலையணை உறையாகும். கொங்கணிக்காரர் ஒருவர் கடையில் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாகச் சாயப்பொடி கிடைக்கும். வெந்நீர், பொடி, ஒரு கைப்பிடி உப்பு. பருத்தி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், சொன்னபடி கேட்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நைலானும் டெரிலினும் வந்ததும் எங்கள் வித்தை பலிக்காமல் போயிற்று. அண்ணா ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளை டெரிலின் சட்டை கழுத்தில் மஞ்சளடித்துவிட்டது. நான் பெரிய நிபுணி மாதிரி, நீலம் போட்டுத் தருகிறேன் என்று வாங்கி, உப்புப் போட்டு ஒரு மணி நேரம் வேகவைத்தேன். வெளியே எடுத்தால் துணி பளிச்சென்று வெள்ளை. தைத்திருந்த நூல் மட்டும் கருநீலம். நூல் பருத்தி அல்லவா, அது குடித்துவிட்டது. காலர், பாக்கெட், காஜா எல்லாம் கோடு கோடாக, யாரோ பேனாவால் சட்டை வரைந்து வைத்த மாதிரி இருந்தது. அண்ணா அதை வீட்டில் போட்டுக்கொண்டே இரண்டு வருஷம் என்னைப் பழிவாங்கினான்.

கொங்கணிக் கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவர் சிரித்தார். "டெரிலின் ஒண்ணும் பிடிக்கில்ல மோளே. நைலோணாணெங்கில் பிடிக்கும். உப்பு போரா, வினாகிரி வேணம். வினாகிரி விட்டு நன்னாய் திளப்பிச்சா பின்னெ ஜன்மத்துல போவில்ல." டெரிலினில் சாயம் ஏறாது, நைலானில் ஏறும்; உப்புப் போதாது, வினாகிரி விட்டுக் கொதிக்க வைத்தால் ஏறிய சாயம் ஜன்மத்துக்கும் போகாது. இந்த ஒரு விஷயம் எங்கள் தெருவில் அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கமலம் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் கடைசித் தங்கை. எனக்குப் பத்தொன்பது என்றால் அத்தைக்கு முப்பத்தொன்று. அம்மாவுக்கு இழுப்பு, அடுப்புப் புகை பட்டால் அன்றைக்கு முழுக்க மூச்சுக்குத் தவிப்பாள். அதனால் சமையல் அத்தையின் பாடு. விறகு, கிணறு, அம்மி, ஐந்து பேர் சாப்பாடு. யாரும் அத்தையைச் செய்யச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, வேண்டாம் என்று சொன்னதாகவும் இல்லை. ஏழு இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஏழு தடவையும் அதே அரக்குப் பட்டு. பார்த்தவர்கள் பஜ்ஜி நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள்.

எட்டாவதாக ஒரு வரன் வந்தது. பையனுக்கு பம்பாயில் வேலை. முதல் மனைவி போய்விட்டாள், குழந்தை இல்லை. ஆலுவாவில் இருக்கும் அவனுடைய மாமா எழுதியிருந்த கடிதத்தில், பையன் பெரிய ஊரில் இருக்கிறான், பெண் கொஞ்சம் நாகரிகமாக இருந்தால் நல்லது என்று ஒரு வரி இருந்தது.

அம்மா அந்த வரியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பட்டு வேண்டாம். அதைக் கட்டிண்டு ஏழு தடவை உக்காந்தாச்சு. ராசியில்லாத புடவை. அந்த நைலானை எடு."

அடுத்த தெரு குஜராத்தி சேட்டாணிக்கு அத்தை வருஷா வருஷம் அப்பளம் இட்டுக் கொடுப்பாள். அந்த அம்மாள் பம்பாயிலிருந்து வந்தபோது அத்தைக்கு ஒரு நைலான் புடவை கொண்டுவந்திருந்தாள். தண்ணீர் மாதிரி வழுக்கும். ஆனால் சுத்த வெள்ளை. வெள்ளையைக் கட்டிக்கொண்டு பெண் பார்க்க உட்கார முடியுமா? ரோஸ் சாயம் போட்டுவிடு என்று அம்மா என்னிடம் சொன்னாள். வினாகிரி அடுக்களைக்குள் வரக்கூடாது, கொல்லையில் வைத்துச் செய் என்றாள்.

அதே வாரம் எனக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. இரண்டு வருஷம் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டது இதற்காகத்தான். தினமும் போட் ஏறிப் போகலாம், மேஜை நாற்காலி இருக்கும், கிரேன்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். கடிதத்தை அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டால் துடைத்துக்கொண்டே பேசினார். அப்பா ஒருநாளும் குரலை உயர்த்தியவர் இல்லை.

"கமலத்துக்கு இது அமைஞ்சுதுன்னா நீ வேலைக்குப் போகவேண்டாம். அம்மாவால அடுப்புகிட்ட நிக்க முடியாது. ஆத்துல ஒரு பொம்மனாட்டி வேணுமோல்லியோ?"

"அமையலேன்னா?"

"அமையலேன்னா நீ போய்க்கோ."

இவ்வளவுதான் பேச்சு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை எடுத்துவிட்டார்.

பெண் பார்க்க வரும் நாளுக்கு முந்தின நாள் காலை, கொல்லையில் மூன்று கல் வைத்து அண்டாவை ஏற்றினேன். பொடியைக் கரைத்தேன். புடவையை முக்கினேன். வினாகிரிக் குப்பி பக்கத்தில் இருந்தது, கார்க்கின் மேல் அரக்கு வைத்தபடி. முதலில் நிறம் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான் நினைத்தேன், அது சத்தியம். முந்தானையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். செந்தாமரை இதழ் மாதிரி இருந்தது. ஈர விரலால் தேய்த்தேன். விரல் ரோஸாகிவிட்டது. தண்ணீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது. அரக்கை உடைத்து இரண்டு கரண்டி விட்டு, அரைமணி கொதிக்க வைத்திருந்தால் முடிந்தது.

நான் புடவையை அப்படியே எடுத்து, அலசாமல், பிழியாமல், நிழலில் கொடிமேல் போட்டேன். தீயை அணைத்தேன். குப்பியை விறகுக் கட்டைகளுக்குப் பின்னால் வைத்தேன். கை நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை.

வாசல் அறையிலிருந்து அம்மா கேட்டாள்: "வினாகிரி விட்டயோ?"

"விட்டாச்சு."

அம்மாவுக்கு மூக்கடைப்பு. அந்த வாசனை வரவில்லையே என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. அத்தை சேட்டாணி வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து, காய்ந்த புடவையைத் தோள்மேல் போட்டுக்கொண்டு சுவர்க் கண்ணாடி முன்னால் நின்றாள். அத்தை கண்ணாடி பார்த்து நான் அதிகம் கண்டதில்லை.

"எனக்குச் சேருமாடி? கருப்பு மேனியில ரோஸ் எடுத்தடிக்காதோ?"

"நன்னா சேரும் அத்தை," என்றேன்.

"பம்பாய்ல ஆத்துக்குள்ளயே குழாய்ல தண்ணி வருமாமே," என்றாள். அன்றைக்குச் சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள்.

மேடமாசத்து, அதாவது சித்திரைப் புழுக்கம் கொச்சிக்காரர்களுக்குத்தான் தெரியும். மழை வரப்போகிறது, வரப்போகிறது என்று வானம் மூடிக்கொண்டு, ஆளை வேகவைத்துவிடும். பையனும் அவன் அம்மாவும் மாமாவும் பன்னிரண்டு மணி போட்டில் வந்தார்கள். அத்தை அந்தப் புடவையோடு அடுப்படியில் நின்று பஜ்ஜி போட்டாள். நைலான் வேர்வையை உறிஞ்சாது. அது பாட்டுக்கு உள்ளே வழியும். காப்பித் தட்டோடு அத்தை அறைக்குள் வந்தபோது நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. முழங்கையில் ஒன்று. யாரும் கவனிக்கவில்லை.

நமஸ்காரம் பண்ணி எழுந்தவளைப் பையனின் அம்மா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நல்ல மனுஷியாகத்தான் இருந்தாள். "கோலம் எல்லாம் போடுவியோ?" என்று கேட்டுக்கொண்டே கையை எடுத்தவள், தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு தன் சந்தனக் கலர்ப் புடவையைப் பார்த்தாள். தொடைப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ரோஸ். அப்புறம் எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அக்குள், கழுத்து, மணிக்கட்டு, பாதம் எல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தது.

மாமா எழுந்தே விட்டார். "இதென்ன, ஒடம்புல ஏதாவது சீக்கா?"

"ஐயோ இல்லை. சாயம். புடவைச் சாயம்," என்றாள் அம்மா.

சீக்கு என்றே விட்டிருக்கலாமோ என்று பிறகு எனக்குத் தோன்றியதுண்டு. பையனின் அம்மா உள்ளங்கையைக் கைக்குட்டையில் துடைத்தபடி, அம்மாவைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்:

"புடவைக்குச் சாயம் ஏத்தினேள், சரி. பொண்ணுக்கு வயசு எத்தனை குறைச்சேள்?"

இருபத்தாறு என்று சொல்லியிருந்தோம். அப்பா தரையைப் பார்த்தார். அத்தை தட்டை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் இன்னும் எங்கே பட்டுவிடுமோ என்ற பயம் போல. அந்தப் பையன், பையன் என்ன, நாற்பது வயசு ஆள், பாக்கெட்டிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து அத்தையிடம் நீட்டப் போனார். அவர் அம்மா திரும்பிப் பார்த்தாள். அவர் அதை மடித்துத் திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனபின் கிணற்றடியில் நான்தான் தண்ணீர் இறைத்துக் கொட்டினேன். புடவை இரண்டே வாளியில் பழையபடி வெள்ளையாகிவிட்டது. தோலில் ஏறியது நாலு நாள் போகவில்லை. அத்தை தேங்காய் நாரால் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"எத்தனை கரண்டி விட்டே?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

"ஓ," என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குச் சேர்ந்தேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். காலையில் அத்தை எனக்கு டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் வைத்து மூடிக் கொடுத்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"அரக்கையாவது உடைச்சிருக்கலாம். ரெண்டு கரண்டி கீழ கொட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

நான் ஒரு காலில் செருப்போடு நின்றேன்.

"போ. போட் போயிடும்," என்றாள்.

போனேன். ஓடிப் போய் போட்டைப் பிடித்தேன். முதல் நாள் ஆபீசில் எனக்கு ஜன்னலோரம் மேஜை கொடுத்தார்கள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். எலுமிச்சை சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அத்தை யாரிடமும் சொல்லவில்லை. நாலு வருஷம் தினமும் எனக்கு டிபன் கட்டினாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'இந்தா', 'கேட்டயா', இப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று தலை பின்னிப் பூ வைத்துவிட்டதும் அத்தைதான். என்னவாவது செய்வாள் என்று நான் அன்றைக்கு முழுக்க எதிர்பார்த்தேன். கூந்தலில், காப்பியில், ஒரு வார்த்தையில். எதுவும் செய்யவில்லை. பஜ்ஜி நன்றாக இருக்கிறது என்று அவர்களும் சொன்னார்கள். என் கல்யாணத்துக்கு நூறு பேருக்கு அவியல் கிளறினாள். நான் எர்ணாகுளத்துக்குக் குடிபோனேன். அம்மா போனாள், அப்பா போனார், மன்னி வந்தாள், மன்னியின் குழந்தைகளுக்கும் அத்தை சமைத்தாள். ஐம்பத்தெட்டாவது வயசில் அதே அடுப்படியில் விழுந்து, இரண்டு நாளில் முடிந்தது.

மன்னிப்புக் கேட்டாயா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லை. கேட்டிருந்தால் அடுத்தது என்ன சொல்வது? வேலையை விட்டிருப்பேனா? இன்றைக்கு அந்தக் கொல்லையில் அந்த அண்டா முன்னால் என்னை நிறுத்தினால் வேறு மாதிரி செய்வேன் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்தக் கொங்கணிக்காரர் கடை இப்போது மொபைல் ரிப்பேர்க் கடை. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்கள். எங்கள் வீட்டை அண்ணா விற்று, வாங்கியவர்கள் இடித்து, மூன்று மாடி ஹோம்ஸ்டே கட்டியிருக்கிறார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். நான் வேலை பார்த்த ஆபீசும் இல்லை. தீவுக்கு எல்லாரும் பாலத்தில் போகிறார்கள்.

போன மாசம் அண்ணாவின் பேத்தி ஃபோன் பண்ணினாள். அமெரிக்காவில் படிக்கிறாள், குடும்பத்தில் யார் யார் என்று ஒரு பட்டியல் தயார் பண்ணுகிறாளாம். எல்லாருக்கும் ஃபோட்டோ கிடைத்துவிட்டது, கமலம் என்று ஒருத்தருக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றாள். என் கல்யாண குரூப் ஃபோட்டோவில் தேடினாளாம். அதில் எப்படி இருப்பாள், அப்போது உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவா எப்படி இருப்பா பாட்டி?" என்று கேட்டாள்.

"உயரமா இருப்பா," என்றேன்.

அவள் மீதியையும் எழுதிக்கொள்ளக் காத்திருந்தாள்.